ஒன்பது வருடக் காவல்

கிழக்கு வெளுக்கும்போது முதல் துணிவண்டி சரிவுப் பாதையில் கடகடவென்று இறங்கி வரும். அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. நீராவி கூரையில் முட்டி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழும். ரத்தம் பட்ட விரிப்புகளைத் தனியே பிரித்துப் பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். வெந்நீர் பட்டுவிட்டால் கறை இறுகிவிடும். மற்றவை சலவை இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்று, பிழிபட்டு, கல்லாகக் கனத்து வெளியே வரும். குனிந்து, அள்ளி, நிமிர்ந்து, மறுபடி குனிந்து ஏழு மணிக்குள் இருநூறு விரிப்புகளை அனுப்பினால்தான் மேலே நோயாளிகளுக்குப் படுக்கை.

ஏட்டம்மாவுக்கு அறுபது வயது. முழங்காலில் சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. எதிரில் அதே வயதில் நின்றவள் நெட்டை. ஆளும் அப்படித்தான், துணிவண்டி கதவில் முட்டாவிட்டாலும் அவள் தலை முட்டும்.

"திருடனைப் பிடிச்ச கையிது. இப்ப மூத்திரத் துணியைப் பிடிக்குது" என்றாள் ஏட்டம்மா.

"திருடன் ஓடுவான். இது ஓடாது. நம்ம முழங்காலுக்கு இதுதான் சரி" என்றாள் நெட்டை. இருவரும் ஈரவிரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறிக்கொண்டே சிரித்தார்கள்.

இரண்டு பேரும் காவல்துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். அந்த ஊரின் முதல் பெண் காவலர்கள் பதினோரு பேரில் இருவர். அவர்களை எடுத்தபோது பெண்களுக்கென்று காவலர் பதவியே இல்லை. "பதவி பின்னால வரும், வேலையை முதல்ல பாருங்க" என்று சொல்லிக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பதினோரு பேரும் கைதிகளுக்குக் காவல் நின்றார்கள். கூட்டத்தை மறித்தார்கள், கல்லடி பட்டார்கள், பிணத்துக்குத் துணை போனார்கள். ஒன்பது வருடம் கழித்துப் பதவி வந்தது. அந்த ஒன்பது வருடமும் பணிப்பதிவேட்டில் அவர்கள் யார் என்று எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்றுதான் தெரிந்தது. 'அலுவலக உதவியாளர்' என்று எழுதியிருந்தது. மேசை துடைத்து, கோப்பு சுமந்து, தேநீர் வாங்கி வருகிறவர்களின் பதவி அது. காவல்படைக்குரிய முழு ஓய்வூதியத்துக்கும், படை மருத்துவமனையில் சிகிச்சைக்கும் முப்பது வருடக் காவல் பணி வேண்டும். ஏடு அவர்களுக்கு இருபத்தாறு வருடம்தான் கொடுத்தது. கையில் வந்தது பாதி வயிற்றுக்கும் போதவில்லை. இரண்டு வருடத்தில் பதினான்கு மனு போட்டுப் பார்த்துவிட்டு, ஏட்டம்மாவும் நெட்டையும் இந்தப் பாதாளத்துக்கு இறங்கினார்கள்.

நெட்டையின் கணவர் தையல்காரர். கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாதவர். ஏட்டம்மாவின் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். அவரைத் துடைத்து, திருப்பிப் போட்டு, கஞ்சி புகட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருவாள்.

துணியைத் தேய்க்கும் இயந்திரத்தில் இரண்டு சூடான உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரவிரிப்பை நேராக்கி உள்ளே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் வருவதை மடிக்கிறவள் மில்லுக்காரி. தங்களைவிட நாலைந்து வயது மூத்தவள் என்று ஏட்டம்மா கணக்குப் போட்டிருந்தாள். ஒரு காலத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து நீக்கப்பட்டவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எதுவும் தெரியாது. அதிகம் பேச மாட்டாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கவும் மாட்டாள்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நின்றது. அதனால் வேலை சுணங்குகிறது என்று சலவைக்கூடத்தைக் குத்தகைக்கு எடுத்த காண்ட்ராக்டர் அந்தக் கம்பியை வயர் போட்டு மேலே கட்டிவைத்திருந்தார்.

அன்று காலை எட்டு மணி இருக்கும். நெட்டை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவளுடைய கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஏட்டம்மா ஒரு சத்தம் கேட்டாள். அது அலறல் இல்லை, மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது நெட்டையின் கை மணிக்கட்டுவரை உருளைக்குள் இருந்தது.

முப்பத்தைந்து வருடம் கலவரம் பார்த்த ஏட்டம்மா கல்லாகி நின்றுவிட்டாள். ஓடியது மில்லுக்காரிதான். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அடித்து நிறுத்தி, உருளையைக் கையால் பின்னுக்குச் சுற்றி, நெட்டையை இடுப்போடு அணைத்துத் தரையில் சாய்த்தாள்.

காண்ட்ராக்டர் வந்தார். கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வயசான காலத்துல கவனமில்லாம வேலை பார்த்தா மிஷின் என்னம்மா பண்ணும்?"

"கம்பியைக் கட்டினது யாரு?" என்றாள் மில்லுக்காரி.

"அது நின்னு நின்னு வேலை கெட்டுப் போகுது."

"இப்ப கெடலையா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "விரிப்பெல்லாம் மேல போகணும், ஆகவேண்டியதைப் பாருங்க" என்று போய்விட்டார்.

படை மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஏட்டம்மா ஆம்புலன்ஸை நேராக அங்கே விடச் சொன்னாள். வாசலில் இருந்த எழுத்தர் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இவங்களுக்கு இங்க தகுதி இல்லம்மா. நாலு வருஷம் குறையுது."

"தம்பி, இவ முப்பத்தஞ்சு வருஷம் போலீஸ்."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலையே" என்று அவர் கணினியைக் காட்டினார். கெட்டவர் இல்லை, காயத்துக்குக் கட்டுப் போடவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்.

சலவைக்கூடத்துக்கு மேலே இருந்த பொதுவார்டில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் நெட்டை ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாள். "லாக்கப்ல இருக்கற பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணி குடுத்தியா?" என்று கேட்டாள். "குடுத்துட்டேன்டி" என்றாள் ஏட்டம்மா. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அன்றும் அந்த வார்டின் துணிவண்டி கீழே இறங்கி வந்தது. அதில் நெட்டையின் விரிப்பும் இருக்கும். எது அவளுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அவளுடையதாகவே நினைத்து ஏட்டம்மா பச்சைத்தண்ணீரில் நனைத்தாள். அழவில்லை. அழுதால் கண் மறைக்கும், பிரிக்க முடியாது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் அறையில் மின்விசிறி காகிதங்களைப் படபடக்க வைத்தது. அவளுடைய பதினைந்தாவது மனுவை அவர் விரல் நுனியால் தொட்டுத் தள்ளினார்.

"மறுபடியும் அதேதானா? ஏட்டுல உதவியாளர்னு இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

"தப்பா எழுதிட்டாங்க சார். திருத்துங்க."

"தப்புன்னு யார் சொல்றது? அந்த ஒன்பது வருஷம் நீங்க போலீஸ் வேலை பார்த்தீங்கன்னு அரசாங்க முத்திரையோட ஒரு தாள் காட்டுங்க. டூட்டி ரிஜிஸ்தர் இருக்கா?"

"வெள்ளத்துல போச்சுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? காக்கிச் சட்டை போட்டதெல்லாம் கணக்குல வராது. தபால்காரரும்தான் போடறாரு."

"கூட இருந்தவ செத்துப்போயிட்டா சார்."

அவர் ஒரு கணம் தலைநிமிர்ந்தார். "வருத்தமாத்தான் இருக்கு. அவங்க ஃபைலை முடிச்சுடறோம்" என்றார்.

மறுநாள் காலை இயந்திரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மில்லுக்காரி கேட்டாள்: "போன காரியம் என்னாச்சு?"

ஏட்டம்மா சொன்னாள். முத்திரையோடு தாள் கேட்கிறார்கள் என்பதையும், ஃபைலை முடிக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னாள். மில்லுக்காரி விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசி மடிப்பைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"என் வீட்டுல இருக்கு."

"என்ன இருக்கு?"

"முத்திரை போட்ட தாள். நீ போலீஸ்தான்னு கோர்ட்டு எழுதின தாள்."

மில் வாசல், முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால். ஏட்டம்மாவுக்கு அது நினைவில் இல்லாமல் இல்லை. கூலியைக் குறைத்ததற்காக மில் பெண்கள் கேட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்களைத் தூக்கப் பெண்கள் வேண்டும் என்று இந்தப் பதினோரு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் ஒருத்தியின் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு கொத்தாக வந்தது. அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை. மறுநாள் சாப்பிட்டாள்.

"நீ அங்க இருந்தியா?" என்றாள் மெல்ல.

"முதல் வரிசையில. நீ என்னைத் தொடலை. நெட்டைதான் என் கையைப் பின்னால முறுக்கினது." மில்லுக்காரி வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க வேலைக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஏட்டம்மா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா அன்னிக்கு ஓடி வந்து…"

"மிஷினுக்குள்ள கை போனா, யார் கைன்னு பார்த்தா ஓடுவாங்க?" என்றாள் மில்லுக்காரி. அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கும் தெரியும். ஒரு நாள் நீ வராதப்ப டீ வாங்கிக் குடுத்தா. என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. டீ ஆறிப்போச்சு. அழுதுட்டா. நானும் ஒண்ணும் கேட்கலை, அவளும் ஒண்ணும் சொல்லலை."

"என்னை மன்னிச்சுடுக்கா."

"அது அப்புறம். முதல்ல தாளைப் பாரு."

மாலையில் மில்லுக்காரியின் ஒண்டுக்குடித்தன அறையில், தகரப்பெட்டியின் அடியிலிருந்து தீர்ப்பின் நகல் வெளியே வந்தது. ஐந்து வருடம் நடந்த வழக்கு. பதினெட்டு மில் பெண்களும் விடுதலையானார்கள், ஆனால் அதற்குள் வேலை போயிருந்தது. பழுப்பேறிய தாளின் முதல் பக்கத்திலேயே குற்றச்சாட்டு இருந்தது: 'பணியிலிருந்த பெண் காவலர்கள் பதினோரு பேரைத் தங்கள் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தது.' கீழே பதினோரு பெயர்கள், காவலர் எண்களோடு. முதல் சாட்சி ஏட்டம்மா. மூன்றாவது வரியில் நெட்டை. சாட்சி சொன்னதோடு சரி, தீர்ப்பை ஏட்டம்மா பார்த்ததே இல்லை.

ஏட்டம்மா அந்த வரியை விரலால் தடவினாள்.

"எங்களை உள்ள தள்ளறதுக்கு நீங்க போலீஸ்" என்றாள் மில்லுக்காரி. "உங்களுக்குக் குடுக்கணும்னு வந்தா நீங்க டீ வாங்கற ஆளு. ரெண்டையும் எழுதினது ஒரே கைதான். அன்னிக்கு அது புரிஞ்சிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"தெரியலைக்கா. வேலை போயிடும்னு பயந்திருப்பேன்."

"நிசத்தைச் சொல்ற. சரி, எடுத்துட்டுப் போ."

கண்காணிப்பாளர் தீர்ப்பை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மாறியிருந்தது.

"உட்காருங்கம்மா. இது எங்க கிடைச்சுது?"

"நாங்க அடிச்சவங்க வீட்டுல கிடைச்சுது."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இங்க பாருங்க. நீங்க முதல் சாட்சி. உங்க சாட்சியத்தையே நீதிபதி எடுத்து எழுதியிருக்காரு. உங்க ஏட்டை நான் திருத்திடலாம். இந்த மாசமே. படை மருத்துவமனை அட்டையும் வந்துடும். உங்க வீட்டுக்காரரைக்கூட அங்க சேர்த்துடலாம்."

ஏட்டம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "மத்தவங்களுக்கு?"

"அவங்க பேரு வெறும் பட்டியல்லதானே இருக்கு? தனித்தனியா கோர்ட்டுக்குப் போகட்டும். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடணும். இது உங்க ஒருத்தருக்கு மட்டும், இதைக் காட்டி வேற யாரும் கேட்கக் கூடாது, நீங்க யாருக்கும் சாட்சி சொல்லக் கூடாதுன்னு."

"செத்துப்போனவளுக்கு?"

"அது முடிஞ்ச ஃபைல்."

"அவ வீட்டுக்காரர் இன்னும் முடியலையே சார். கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்காரு."

"அம்மா, ஊருக்கே நல்லது பண்ண முடியுமா? நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவர் படிவத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் புண் வந்த இடத்தில் மருந்து தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவமனை அட்டை என்று சொல்லும்போது மருந்து தடவிய கை நின்றது. அங்கே நடக்கப் பழக்குவார்கள். பேசப் பழக்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே சேர்த்திருந்தால் இந்நேரம் அவர் கைத்தடியோடு தெருமுனைவரை போய்வந்திருப்பார்.

"சொல்லுங்க. போடட்டுமா?"

அவர் வாயைக் கோணி வெகுநேரம் சொற்களைத் தேடினார். ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார்.

"கையெழுத்து… உன்னுது. போடு. போடாத. என்னை… சாக்கு வைக்காத."

அவள் அவர் முதுகிலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். நெட்டை செத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது. அவர் நல்ல கையைப் பின்னால் நீட்டி, எட்டிய இடத்தைத் தட்டிக்கொடுத்தார். எட்டியது அவளுடைய காதுதான்.

அன்று ராத்திரிக்குள் அவள் கூட வேலை பார்த்த ஏழு பேர் வீடுகளுக்கும் போய்வந்தாள். பதினோரு பேரில் நெட்டையோடு மூன்று பேர் போய்விட்டார்கள். மிச்சம் அவளையும் சேர்த்து எட்டுப் பேர். ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் பென்சில் விற்றாள். ஒருத்தி மகன் வீட்டில் பேசாமல் சாப்பிடப் பழகியிருந்தாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுடு ஏட்டம்மா, ஒருத்தியாவது கரையேறட்டும்" என்று சொன்னவளும் உண்டு. அவளிடம் ஏட்டம்மா சொன்னாள்: "நான் சாட்சி சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு. என் வாயைக் கட்டிட்டா நீங்க யாரை வெச்சு ஜெயிப்பீங்க?"

மறுநாள் காலை எட்டுப் பேரும் ஓய்வூதிய அலுவலக வாசலில் நின்றார்கள். நெட்டையின் கணவர் கைத்தடியோடு வந்தார். ஏட்டம்மா உள்ளே போய், கையெழுத்திடாத படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

"பதினோரு பேரும் ஒரே தாள்ல இருக்கோம் சார். செத்தவங்களையும் சேர்த்துத் திருத்துங்க."

"உங்க நல்லதுக்குச் சொன்னா கேட்கமாட்டேங்கறீங்க. அப்புறம் அந்த அட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"கூட்டம் சேர்த்தா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே போலீஸ்ல இருந்தவங்க."

"இதோ, நாங்க போலீஸ்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார்" என்றாள் ஏட்டம்மா.

அறைக்கு வெளியே நின்றிருந்த எழுத்தர்கள் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் முகம் கறுத்தது. தொலைபேசியை எடுத்தார்.

அவள் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மற்ற ஏழு பேரும் உட்காரத் தயங்கினார்கள். வாழ்நாள் முழுக்க நின்று பழகியவர்கள், உட்கார்ந்தவர்களை எழுப்பியே பழகியவர்கள். பென்சில் விற்பவள் முதலில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தையல்காரருக்கு நடுவில் இடம் விட்டார்கள்.

பத்து மணிவாக்கில் தெருவின் மறுகோடியிலிருந்து மில்லுக்காரி வந்தாள். அவளோடு அந்தப் பதினெட்டு மில் பெண்களில் நான்கு பேர், எல்லாரும் நரைத்தவர்கள். ஏட்டம்மா எழப் பார்த்தாள். அந்த நால்வரில் ஒருத்தியின் காதுக்கு மேலே, உள்ளங்கையளவு இடத்தில் முடி முளைக்கவே இல்லை. ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தபடியே படியருகே வந்தாள். "இந்தப் படியில உட்கார எனக்கு இஷ்டமில்லை" என்றாள் மில்லுக்காரியிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "உன் வார்த்தைக்காக வந்தேன். செத்தவளோட புருஷனுக்காக உட்காருறேன்." கடைசிப் படியில், தள்ளி உட்கார்ந்தாள்.

மில்லுக்காரி ஏட்டம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கம்பியைக் கட்டிவெச்சதைப் பத்தியும் எழுதணும். அடுத்த மனு அது" என்றாள்.

"எழுதுவோம்க்கா."

வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்து பெண் காவலர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தியின் தொப்பி பெரிதாக இருந்ததால் புருவத்தில் இறங்கியது. அவர்களை நிறுத்தியிருந்த விதத்தையும், யார் முதலில் கை வைப்பார்கள் என்பதையும் ஏட்டம்மா பார்த்த மாத்திரத்தில் அறிந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தொப்பி இறங்கியவள் முன்னால் வந்தாள். "அம்மா, எழுந்திருங்கம்மா. எங்களைச் சங்கடப்படுத்தாதீங்க" என்றாள்.

"உன் பணிப்பதிவேட்டைப் பார்த்திருக்கியாம்மா?" என்றாள் ஏட்டம்மா.

"எதுக்கு?"

"போய்ப் பாரு. முதல் வருஷத்துலேர்ந்து என்ன எழுதியிருக்குன்னு உன் கண்ணால பாரு. நான் பார்க்கலை. நாங்க பதினோரு பேரும் பார்க்கலை."

அந்தப் பெண் தொப்பியை மேலே தள்ளிவிட்டாள். பின்னால் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து அதிகாரி அதட்டினார்: "என்ன பேச்சு அங்க? தூக்குங்க!"

காவலர்கள் ஒரு அடி எடுத்துவைத்தார்கள். அரை அடி என்றும் சொல்லலாம்.

"முழங்கையைக் கோத்துக்கோ" என்றாள் மில்லுக்காரி. "அப்படி இல்லை, விரலைப் பூட்டு. நெஞ்சோட இழுத்துவெச்சுக்கோ. எங்க பதினெட்டுப் பேரைப் பிரிக்கறதுக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, தெரியுமா?"

"ஒண்ணே கால் மணி நேரம்" என்றாள் ஏட்டம்மா. "சாட்சியத்துல சொல்லியிருக்கேன்."

அவள் இடது கையை மில்லுக்காரியின் தூக்க முடியாத கையோடு கோத்தாள். வலது கையைத் தையல்காரரோடு கோத்தாள். அவர் பென்சில் விற்பவளோடு. வரிசை படிகளில் வளைந்து கீழே இறங்கிக் கடைசிப் படிவரை போனது. அங்கே தள்ளி உட்கார்ந்திருந்தவள், தன் பக்கம் நீண்ட கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.